சாந்தகுணமும் தகப்பன் வீட்டுப் பங்கும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

'சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள்' என்னும் மலைப்பிரசங்க வசனத்தைப் பற்றி (மத்தேயு 5:5) சென்ற இதழில் ஒரு பக்க அளவில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் எழுதியவர்களில் நால்வருடைய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதற்குச் சுருக்கமாகப் பதில் எழுத மனம் வரவில்லை. மற்ற மூவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்கள் தகப்பனார் உயில் எதுவும் எழுதாமல் மூன்று ஆண்டுகளுக்கு முன் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தாயார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். ஓர் ஓட்டு வீடும் ஐந்து சென்ட் மனையும் இருக்கின்றன. என் அண்ணன்மார் இருவரும் என்னை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடச் சொல்கிறார்கள். "உன் கலியாணத்துக்கு எல்லாம் செய்தாயிற்று, இனி என்ன பங்கு?" என்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் சபையின் மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள் என்று படித்ததில்லையா அம்மா? பெண்பிள்ளை விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டும்" என்றார். என் கணவருக்கு நிரந்தர வேலை இல்லை. பங்கைக் கேட்டால் நான் சாந்தமில்லாதவளா, ஐயா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அன்புச் சகோதரி, பங்கு கேட்பதால் உங்கள் சாந்தகுணம் போய்விடாது. பதிலின் கடைசிவரை நீங்கள் கலங்கிக்கொண்டே படிக்கக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்ணாகமம் 27-ஆம் அதிகாரத்தை இன்றிரவு எடுத்து வாசியுங்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்று ஐந்து சகோதரிகள் ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். எதிரே மோசேயும் ஆசாரியனாகிய எலெயாசாரும் பிரபுக்களும் சபையனைத்தும் இருக்கிறார்கள். தகப்பனாகிய செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால், அவனுடைய சகோதரருக்குள்ளே தங்களுக்குக் காணியாட்சி கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு அண்ணன்மார் இல்லை, உங்களுக்கு உண்டு. அந்த வேறுபாட்டை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் கேட்ட விதத்தைப் பாருங்கள். யாரையும் ஏசவில்லை, சாபமிடவில்லை, கண்ணீரைக் காட்டி எதையும் வாங்கவும் முயலவில்லை. காரணத்தைச் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். "செலொப்பியாத்தின் குமாரத்திகள் சொல்லுகிறது சரிதான்" என்று கர்த்தர் மறுமொழி கொடுத்தார்.

இதில் நான் பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. அவர்கள் யார் முன்பாக நின்றார்கள்? பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவன் என்று அதே எண்ணாகமம் சாட்சி சொல்லுகிற மோசேயின் முன்பாக. பெண்கள் சபை நடுவில் வந்து பேசலாமா என்று மோசே கேட்கவில்லை. விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று புத்தி சொல்லவும் இல்லை. தமக்கு உடனே விடை தெரியாத அந்த நியாயத்தை, தெரிந்ததுபோல் தீர்த்துவைக்காமல், கர்த்தருடைய சந்நிதியில் கொண்டுபோனார். அந்த வாசலில் சாந்தகுணம் கேட்டவர்களிடத்தில் மட்டும் இருக்கவில்லை; அதிகாரத்தோடு உட்கார்ந்து காது கொடுத்தவரிடத்தில் அதைவிட அதிகமாக இருந்தது. உங்கள் வீட்டுக்கு வந்த மூப்பர் இந்த அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

விட்டுக்கொடுத்தவர்கள் வேதாகமத்தில் இல்லையா என்றால், உண்டு. ஆபிராமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி வாக்குவாதம் உண்டானபோது, நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்று சொல்லித் தெரிந்தெடுக்கும் உரிமையை ஆபிராம் கொடுத்துவிட்டார். ஆனால் யார் யாருக்கு விட்டுக்கொடுத்தது? தகப்பன் முறையில் இருந்தவர், சகோதரன் மகனுக்கு. குடும்பத்தின் தலைவர், தம் நிழலில் வளர்ந்தவனுக்கு. அடுத்த அதிகாரத்திலேயே அவர் வீட்டில் பிறந்த கைபடிந்த ஆட்கள் 318 பேர் என்று எண்ணிக்கை வருகிறது. லோத்தைச் சிறைபிடித்துக்கொண்டுபோன ராஜாக்களைத் துரத்தி அவனை மீட்டு வந்ததும் அந்தப் பலத்தினால்தான். மேய்ச்சல் நிலத்துக்காகவும் அதே பலத்தைக் காட்டியிருக்க முடியும். தமக்காகக் காட்டாமல் வைத்துக்கொண்டார், லோத்துக்காகக் காட்டினார். நான் அறிந்தவரை சாந்தகுணம் என்பதற்கு இதைவிடத் தெளிவான படம் வேதத்தில் குறைவு. உங்கள் குடும்பத்தில் ஆபிராமின் இடத்தில் இருப்பவர்கள் உங்கள் அண்ணன்மார். வீட்டின் சாவி அவர்கள் கையில், பத்திரம் அவர்கள் பெட்டியில், சபையின் மூப்பர் அவர்கள் பக்கம். அப்படியிருக்க, சாந்தமாயிரு என்ற புத்திமதி உங்கள் வாசற்படியை மட்டும் தேடி வந்தது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

வேதனைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சபையில் ஒரு சகோதரி ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்தார். கையில் பிளாஸ்டிக் உறையொன்றில் நான்காக மடித்த முத்திரைத்தாள். "கையெழுத்துப் போடட்டுமா ஐயா?" என்று கேட்டார். நான் அந்தத் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. மத்தேயு 5:5-ஐச் சொன்னேன், தலைமேல் கைவைத்து ஜெபம் செய்தேன், அனுப்பிவிட்டேன். சில ஆண்டுகள் கழித்துக் கணவரை இழந்த நிலையில், மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு மறுபடியும் வந்தார். என்மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அவர் சாந்தகுணமுள்ளவர்தான், ஆனால் அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்த என் அவசரத்துக்குச் சாந்தம் என்று பெயர் வைத்தது பாவம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமலும் தாயார் இல்லாமலும் தகப்பன் மரித்தால் மகனுக்கும் மகளுக்கும் பங்கு சமம். பிள்ளைகள் மூவர் என்றால் மூன்றில் ஒன்று உங்களுடையது. தகப்பனார் உயிரோடிருந்தபோது உங்கள் திருமணத்துக்குச் செய்ததை அந்தப் பங்கிலே கழிக்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.

சகோதரனோடு வழக்காடலாமா, 1 கொரிந்தியர் 6-இல் பவுல் கடிந்துகொள்கிறாரே என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். கடிந்துகொள்கிறார், உண்மை. அநியாயத்தை ஏன் சகித்துக்கொள்ளுகிறதில்லை என்று கேட்கிறார். ஆனால் அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன், சகோதரருக்குள்ள வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனாகிலும் உங்களுக்குள் இல்லையா என்று சபையை வெட்கப்படுத்துகிறார். அதற்கு அடுத்த வசனத்தில், நீங்களே அநியாயஞ்செய்து சகோதரரையே நஷ்டப்படுத்துகிறீர்களே என்று அநியாயம் செய்தவர்களையும் கேட்கிறார். நடுவிலுள்ள வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து நஷ்டப்பட்டவர் கையில் கொடுப்பது பவுலுக்கு நியாயம் செய்வதாகாது. ஆகவே முதலில் சபையிலே நியாயம் கேளுங்கள். இரு பக்கத்தையும் கேட்கக்கூடிய, உங்கள் அண்ணன்மாரும் மதிக்கிற ஒருவரை முன்வைத்துப் பேசுங்கள். அண்ணியார் காதில் விழும்படி தெருவில் பேசுவது, அண்ணன் பிள்ளைகளைத் தூற்றுவது, ஜெபக்கூட்டத்தில் ஜெபவிண்ணப்பம் என்ற பெயரில் குடும்பச் செய்தியைப் பரப்புவது ஆகிய மூன்றையும் தவிர்த்துவிடுங்கள். சாந்தம் அங்கேதான் உங்களிடம் கேட்கப்படுகிறது. அவர்கள் வீட்டு நன்மை தீமைக்கு வழக்கம்போலப் போய் வாருங்கள். ஒருவேளை, உங்கள் பங்கு இன்னதென்று தெரிந்து, அது உங்கள் கைக்கு வந்தபின், அண்ணனின் கஷ்டத்தைப் பார்த்து அதில் கொஞ்சத்தையோ முழுவதையோ நீங்களே கொடுக்க விரும்பினால், அது ஆபிராம் செய்தது போன்ற காரியம். ஆனால் கையில் வராததை ஒருவர் கொடுக்க முடியாது. அதைப் பிறர் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்ல முடியும். அதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம்.

இயேசு சொன்ன அந்த வாக்குத்தத்தமே பழைய சங்கீதத்திலிருந்து எடுத்தது. 37-ஆம் சங்கீதம் முழுவதும் நிலத்தைப் பற்றியது. பொல்லாதவர் செழிப்பதையும் ஏழைகள் விழத்தள்ளப்படுவதையும் கண்ணால் பார்த்து எரிச்சலடைகிறவனுக்குச் சொன்னது. 'உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து, அவர்மேல் நம்பிக்கையாயிரு; அவரே காரியத்தை வாய்க்கப்பண்ணுவார்' என்று அது சொல்லுகிறது. நிலத்தை இழந்தவர்களுக்கு, நிலம் உங்களுடையதாகும் என்று கொடுத்த வாக்கு அது. அதையே காட்டி ஒருவருடைய ஐந்து சென்டைக் கேட்பது எனக்குப் புரியாத வேதவிளக்கம்.

கேள்வி: எங்கள் திருவிவிலியத்தில் 'கனிவுடையோர் பேறுபெற்றோர்' என்று இருக்கிறது, நீங்கள் 'சாந்தகுணமுள்ளவர்கள்' என்று எழுதுகிறீர்கள். இரண்டும் ஒன்றா?
— வாசகர், உருளையன்பேட்டை, புதுச்சேரி

பதில்: மூலச்சொல் ஒன்றுதான். கிரேக்கத்தில் 'ப்ரவுஸ்' என்னும் சொல். புதிய ஏற்பாட்டில் இது நான்கே இடங்களில் வருகிறது. அவற்றுள் மூன்று மத்தேயுவில். அந்த மூன்றில் ஒன்று மலைப்பொழிவு. மற்ற இரண்டும் இயேசுவையே குறிக்கின்றன: 'நான் கனிவும் மனத்தாழ்மையும் உடையவன்' என்று அவரே சொல்வதும், கழுதையின்மேல் வரும் அரசரைப் பற்றிய செக்கரியாவின் வாக்கும். உங்கள் ஊர் இரயில் நிலையத்துக்கு அருகில் திரு இருதய ஆண்டவர் பசிலிக்காவில் முதல் வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் சொல்லும் செபத்தில், எங்கள் இருதயத்தை உம் இருதயத்துக்கு ஒத்ததாக்கும் என்று கேட்கும்போது, இந்தச் சொல்லைத்தான் கேட்கிறீர்கள்.

'சாந்தம்' என்றால் கொந்தளிப்பு அடங்கிய நிலை. 'கனிவு' என்றால் பிறர்பால் நெகிழ்ந்த நிலை. முன்னது தன்னை நோக்கியது, பின்னது அடுத்தவரை நோக்கியது. கிரேக்கச் சொல்லில் இரண்டும் உண்டு. ஒரே தமிழ்ச் சொல்லில் அடக்குவது கடினம். பழக்கப்படுத்தி வசப்படுத்திய குதிரைக்கும் அந்தச் சொல்லைக் கிரேக்கர்கள் பயன்படுத்தினார்கள். எனக்குக் குதிரை பழக்கமில்லை. கடலூர் துறைமுகத்தில் கண்டதைச் சொல்கிறேன். ஆழ்கடலில் முழு வேகத்தில் வந்த விசைப்படகு, உப்பனாற்றின் முகத்துவாரத்தை நெருங்கியதும் இன்ஜினின் சத்தம் அப்படியே இறங்குகிறது. நிறுத்துவதில்லை, நிறுத்தினால் நீரோட்டம் இழுத்துக் கரையில் மோதிவிடும். சுக்கானில் நிற்பவர் எதையும் பேசாமல், முன்னால் வரும் சிறு ஃபைபர் படகுக்கு இடம் விட்டு, மெல்ல நுழைகிறார். இன்ஜினின் வலிமை முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. சிறு படகு கவிழாதபடிக்கு அது குறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கனிவு, சாந்தம் என்ற இரண்டு சொற்களும் அந்த முகத்துவாரத்தில் ஒன்றாகத் தெரிந்தன.

எபிரேயத்தில் சங்கீதக்காரன் பயன்படுத்திய சொல் வேறு வேரிலிருந்து வருகிறது. ஒடுக்கப்பட்டவன், எளியவன் என்ற பொருளோடு உறவுடையது. வலியவன் தன் வலிமையை அடக்குவதும், எளியவன் தன் வழக்கைக் கடவுளிடம் ஒப்படைப்பதும் ஆகிய இரண்டையும் சேர்த்தே இந்தப் பேற்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. முதல் கடிதத்துக்கு நான் அவ்வளவு நீளமாக எழுதியதும் இதனால்தான்.

கேள்வி: ஆலயத்தில் காசுக்காரருடைய பலகைகளைக் கவிழ்த்தவர் தம்மைச் சாந்தமுள்ளவர் என்று எப்படிச் சொல்லலாம்? சாந்தமாயிருந்தால் விடுதியில் என்னை ஏமாளி என்கிறார்கள்.
— கல்லூரி மாணவர், புதுச்சேரி

பதில்: தம்பி, மத்தேயு 21-ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். சாந்தகுணமுள்ளவராய்க் கழுதையின்மேல் வருகிறார் என்பதும், பலகைகளைக் கவிழ்த்தார் என்பதும் ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. மத்தேயுவுக்கு அதில் முரண்பாடு தோன்றவில்லை. இயேசு கோபித்தது தமக்காக அன்று. ஜெபிக்க வந்தவர்களுடைய இடம் சந்தையாகிப் போனதற்காக. கவிழ்த்த கையோடு அங்கேயே நின்று, தம்மிடம் வந்த குருடரையும் சப்பாணிகளையும் சொஸ்தமாக்கினார்.

தமக்கு அநியாயம் நேர்ந்தபோது என்ன செய்தார்? யோவான் 18-இல் பிரதான ஆசாரியனுடைய வீட்டில் சேவகன் ஒருவன் அவரைக் கன்னத்தில் அறைகிறான். அவர் திரும்ப அடிக்கவில்லை. சும்மா இருந்துவிடவும் இல்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். அடித்தவனைக் காரணம் யோசிக்கவைத்த கேள்வி அது. விடுதியில் உங்கள் பொருளை எடுத்துக்கொள்பவனிடம் இந்தத் தொனியில் பேசிப் பாருங்கள். ஏமாளி, தனக்கு நடப்பது தெரியாதவன். சாந்தமுள்ளவனுக்கு எல்லாம் தெரியும்.

உங்களுக்கு நம் கரையிலிருந்தே ஓர் உதாரணம். 1750-இல் கடலூரில் கப்பலிலிருந்து இறங்கிய ஜெர்மானியர் கிறிஸ்தியான் பிரெடெரிக் ஸ்வார்ட்ஸ், பிறகு தரங்கம்பாடியிலும் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் சேர்ந்து ஏறக்குறைய 48 ஆண்டுகள் ஊழியம் செய்து 1798-இல் மரித்தார். சென்னை ஆங்கிலேய அரசும் ஹைதர் அலியும் ஒருவரையொருவர் நம்பாத காலத்தில், 1779-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது போகத் தெரிந்தெடுக்கப்பட்டவர் அவர்தான். இந்த மனிதர் வஞ்சிக்க மாட்டார் என்று ஹைதர் அவரை நம்பினார். போர் மூண்ட பிறகும் அவரைத் தடையின்றிப் போகவிடும்படி ஹைதர் தம் ஆட்களுக்குக் கட்டளையிட்டிருந்தார். தஞ்சையில் அவருக்காக இரண்டாம் சரபோஜி மன்னர் வைத்த சலவைக்கல் சிற்பத்தில், சாகக் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பிடித்துக்கொண்டிருக்கிறார். படையும் பணமும் இல்லாத ஒருவரைப் படையுள்ள இருவரும் நம்பினார்கள் என்றால், அவரை யாரும் ஏமாளி என்று எண்ணவில்லை.

கேள்வி: ஓய்வு பெற்ற அரசு ஊழியன் நான். அலுவலகத்திலும் சபையிலும் எனக்குச் சாந்தமானவர் என்று பெயர். வீட்டில் மட்டும் என் கோபம் அடங்குவதில்லை. மனைவியும் மருமகளும் என் காலடிச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இந்த வயதில் மாற முடியுமா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ஐயா, இவ்வளவு உண்மையாக எழுதியதற்கு நன்றி. கிறிஸ்தவர்களாகிய நாமும் படிக்க வேண்டிய குறள் ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன், வெகுளாமை அதிகாரத்தின் முதற்குறள்: 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்'. கோபம் பலிக்கும் இடத்தில் அதைத் தடுப்பவனே தடுத்தவன். பலிக்காத இடத்தில் தடுத்தால் என்ன, தடுக்காவிட்டால் என்ன? மேலதிகாரியின் முன் உங்கள் கோபம் செல்லாத கோபம். வீட்டில்தான் அது செல்லும். ஆகவே உங்கள் சாந்தம் இன்னும் சோதிக்கப்படவே இல்லை என்று நான் சொன்னால் வருந்த வேண்டாம். அதைச் சோதிக்கும் இடம் இப்போதுதான் உங்களுக்குத் தெரியவந்திருக்கிறது.

மாற முடியுமா என்றால், முடியும். கலாத்தியர் 5-இல் சாந்தம் ஆவியின் கனிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறது. கனி மரத்தில் வர நாளாகும். ஆனால் வயதான மரத்திலும் வரும் என்பதைப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரங்களை அறிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்காக வெறுமனே காத்திருக்கவும் கூடாது. கோபம் எழுகிற நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: காப்பி தாமதமாகும்போதா, பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கும்போதா, மருந்துச் சீட்டு காணாமல் போகும்போதா? அந்த நேரத்தில் பேச்சைத் தொடங்காமல் எழுந்து திண்ணைக்குப் போய்விடுங்கள். பிறகு வந்து பேசுங்கள். கோபித்துப் பேசிவிட்டால், அன்று இரவுக்குள், மருமகளிடம் நேராக, "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது அம்மா" என்று சொல்லுங்கள். மாமனார் மருமகளிடம் அப்படிச் சொல்வது நம் வீடுகளில் வழக்கமில்லை என்பதை அறிவேன். மோசேகூடக் கன்மலையின் அருகே பதறிப் பேசினார், அதற்கான விலையையும் கொடுத்தார். சாந்தகுணமுள்ளவர் என்ற பெயர் ஒருவரை அடுத்த கோபத்திலிருந்து காப்பாற்றுவதில்லை.

உங்களால் இயலுமானால், எனக்கு எழுதிய அந்தக் கடிதத்தை உங்கள் துணைவியாருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.